குறட்டை நல்ல தூக்கமா?

(ஒரு படிப்பகத்தின் மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் பேசப் போவது குறட்டையைப் பற்றி என்று தலைவரவர்கள் சொன்னவுடனே பின்வரிசையில் சிரிப்புச் சப்தம் கேட்டது. சிரித்தவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. மூன்று வருஷங்களுக்கு முன் இதை யாராவது ஒரு மேடையில் பேசியிருந்தால் நாமும் அப்படித்தான் சிரித்திருப்போம். குறட்டை விடுகிறவனைப் பார்த்தால் ஒன்று சிரிப்பது, இல்லாவிட்டால் பொறாமைப்படுவது என்பதைத் தவிர மூன்றாவதான ஒரு எண்ணம் நம்மில் யாருக்கும் வருவதில்லை. "அவருக்கென்ன, படுத்தால் குறட்டை, கவலையில்லாத மனுஷன்" என்கிறோம். கொஞ்சம் அதிகப்பட்டால் கும்பகர்ணன் என்று பெயர் வைக்கிறோம். அத்துடன் விஷயம் தீர்ந்து விட்டதாக நினைத்துக் கொள்ளுகிறோம்.

ஆனால் தோழர்களே, தூங்குகிறவன் எதற்காகச் சப்தம் போட வேண்டும்? யோசித்துப் பாருங்கள். சுகமாயிருக்கும் கைக்குழந்தை தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு ஓசையில்லாமல் மூச்சு போய் வருகிறது. சப்தம் உண்டாகிறதென்றால் எங்கேயோ வழி குறுகிப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அகலமான வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடுகிறது. மதகுப் பலகையை முக்கால்வாசி இறக்கி விட்டால் இரைகிறது. முழுவதும் இறக்கி விட்டால்? இரைச்சல் நின்று விடும். ஆனால் தண்ணீரும் நின்று விடும். குறட்டை விடுகிறவர் திடீரென்று சப்தத்தை நிறுத்தினாரானால், "அப்பாடா, இப்போதாவது நிறுத்தினாரே" என்று பக்கத்தில் படுத்திருப்பவர்கள் நிம்மதியடைகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். அந்த அமைதியில் அவர் மூச்சு விடாமலிருக்கிறார்.

இந்த நோய்க்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று வைத்துக் கொள்ளுங்கள். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இது இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது புரட்டாகும். வெறும் குறட்டை ஏராளமான பேருக்கு உண்டு. குறட்டை, பிறகு ஒரு நிசப்தம், பிறகு திணறிக் கொண்டு ஒரு பெருமூச்சு, மறுபடியும் குறட்டை என்று மாறி மாறி வருகிறதா என்பதுதான் கேள்வி.

நடப்பது என்னவென்றால், நாம் விழித்திருக்கும் போது தொண்டையின் தசைகள் விறைப்பாக நின்று மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கினால் உடம்பு முழுவதும் தளர்வது போல அவையும் தளருகின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. உள்நாக்கும் அதைச் சார்ந்த மெல்லிய சதையும் தொங்குகின்றன. கழுத்தில் கொழுப்பு அதிகமிருப்பவருக்கும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்னடைந்திருப்பவருக்கும் வழி ஏற்கெனவே குறுகல். ஆகவே ஒரு நிலையில் அது அடியோடு மூடிக் கொள்ளுகிறது. நெஞ்சு மூச்சிழுக்கப் பார்க்கிறது, காற்று போவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பார்க்கிறது, ஆபத்து என்று தெரிந்து, தூங்குகிறவனை ஒரு கணம் உலுக்கி எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது, அவன் திணறி மூச்சு வாங்குகிறான், அடுத்த கணமே தூங்கி விடுகிறான். எழுந்தது அவனுக்கு ஞாபகமே இருப்பதில்லை. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு நிறுத்தம் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். மூச்சு பாதியாய்க் குறைவதையும் சேர்த்துக் கொள்ளுகிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமையானது. இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் தொண்டை அடைப்பதில்லை. மூளையே மூச்சு விடு என்று உத்தரவு போட மறந்து விடுகிறது. இருதய பலவீனம் உள்ளவர்களுக்கும், அபினி வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அது வருவதுண்டு. அது குறைவு, நாம் இன்று பேசுவது தொண்டை அடைக்கும் வகையைப் பற்றியே.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் என்ன டாக்டரா என்று கேட்பீர்கள். நாம் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. பட்டுத் தெரிந்து கொண்டு, பிறகு படித்துத் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறோம்.

நம் வாழ்க்கைத் துணைவியார் இதை முதலில் நம்மிடம் சொல்லி ஆறு வருஷமாகிறது. "நீங்கள் தூக்கத்தில் மூச்சை நிறுத்தி விடுகிறீர்கள். எனக்குப் பயமாயிருக்கிறது, உலுக்கினால்தான் மறுபடி வருகிறது" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "நீ தூக்கக் கலக்கத்தில் எதையாவது பார்த்திருப்பாய்" என்றோம். அந்த அம்மாள் எத்தனையோ இரவு உட்கார்ந்தபடியே நம்மைப் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்கள். நாமோ, நன்றாகத் தூங்குகிறவனைக் குறை சொல்லுகிறாளே என்று கோபித்துக் கொண்டோம். ஊர் ஊராகப் போய், ஆதாரம் கேளுங்கள், கண்ணால் கண்டதை நம்புங்கள், எவன் சொன்னான் என்று பார்க்காதீர்கள், என்ன சொன்னான் என்று பாருங்கள் என்று பேசுகிற நாம், நமக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த ஒரே சாட்சியைப் பொய்ச்சாட்சி என்று தள்ளி விட்டோம். எதற்காக? பெண் பிள்ளை சொன்னாள் என்பதற்காகத்தானே? வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. இதே சங்கதியை ஒரு மேல்நாட்டுப் புத்தகம் சொல்லியிருந்தால் மறுநாளே மேடையேறிப் பேசியிருப்போம்.

அந்த நாட்களில் நம் நிலைமை என்ன? காலையில் எழுந்தால் தலை கனக்கும். வாய் உலர்ந்து நாக்கு மேலே ஒட்டிக் கொண்டிருக்கும். இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்போம். சர்க்கரையோ என்று பார்த்ததில் சர்க்கரை இல்லை. எட்டு மணி நேரம் படுத்தும் அலுப்புத் தீராது. சிடுசிடுப்பு வேறு. மத்தியானம் அச்சு எழுத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தால் ஒரே வரியை நாலு தடவை படிப்போம். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போதாமல் மூன்றாவதும் எழுதினார்கள். ஒரு டாக்டரிடம் போய் அசதியைச் சொன்னோம். அவர் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "நாற்பதைத் தாண்டி விட்டீர்களே" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாமும் தைரியமாக ஆறு மாதம் சாப்பிட்டோம்.

பிறகு ஒருநாள், பட்டப்பகல் நாலு மணி, அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு மோபெட்டில் வந்து கொண்டிருந்தோம். சாலை காலியாயிருந்தது. நமக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. தூக்கம் வருகிறது என்று கூட நமக்குத் தெரியவில்லை. கண் திறந்த போது வண்டி ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதிக் கிடந்தது. நமக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவருக்கு மணிக்கட்டு எலும்பு இரண்டாக முறிந்து விட்டது. மூன்று வருஷமாக எச்சரித்தவருக்கு முறிவு, கேளாதவனுக்குச் சிராய்ப்பு. இதிலே தெய்வத்தின் நீதி எங்கே இருக்கிறதென்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும்.

உறவினர்கள் வந்தார்கள். ஒருவர் கண் திருஷ்டி என்றார். ஒருவர், அந்தப் பாலத்தண்டையில் முன்பே ஒருவன் செத்தான், அவன்தான் பிடித்துத் தள்ளியிருப்பான் என்றார். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டாததுதான் காரணம் என்பவரும் இருந்தார். கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியிலே ஒரு இளம் பெண் டாக்டர் மாத்திரம், "ஐயா, நீங்கள் குறட்டை விடுவீர்களா?" என்று கேட்டார். நாம் வாயைத் திறக்கும் முன்னே, கையில் மாவுக்கட்டோடு இருந்த நம் துணைவியார், "அம்மா, என்னைக் கேளுங்கள்" என்றார்கள்.

தோழர்களே, இந்த நோயின் விசேஷமே இதுதான். மற்ற வியாதிகளுக்கு நோயாளி சாட்சி சொல்லலாம். வயிற்றுவலிக்காரனுக்கு வலி தெரியும். இதில் நோயாளி ஒருவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஆகவே பக்கத்தில் படுக்கிறவர்கள் சொல்லுவதைத்தான் நம்ப வேண்டும். நம்பச் சங்கடமாயிருந்தால் அதற்கும் வழியுண்டு. நம் மகள் செல்போனில் ஒரு இரவு நம் தூக்கத்தைப் படம் பிடித்தாள். காலையில் போட்டுக் காட்டினாள். அதிலே ஒரு இடத்தில் சப்தம் நின்ற பிறகு சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் மாத்திரம் கேட்கிறது. நாம் எண்ணினோம், 38. அதற்குப் பிறகுதான் அந்த மனிதன் மூச்சு விட்டான். நாமே நம்மைப் பார்த்துப் பயந்தோம். டாக்டரிடம் போகும் போது இப்படி ஒரு படத்தைக் கொண்டு போனால் பாதி வேலை முடிந்து விடுகிறது.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் நெஞ்சை அடைத்து, குரல்வளையைப் பிடித்தது போல் திணறி எழுந்திருக்கிறவர்கள் கிராமங்களில் எத்தனையோ பேர். அதை அமுக்குவான் பேய் என்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். தலைமாட்டில் இரும்பு வைக்கிறார்கள். பேய் என்று சொல்லப்படுகிற இதிலே இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அறிவு விழித்துக் கொண்ட பிறகும் கை கால் தசைகள் தூக்கத்தின் கட்டிலிருந்து விடுபடாமல் சிறிது நேரம் அசைய முடியாமற் போவது. அது பெரும்பாலும் தானே தீர்ந்து விடும், உயிருக்கு ஆபத்தில்லை. மற்றொன்று, நாம் மேலே சொன்ன மூச்சடைப்பு. முதலாவதற்குக் கயிறு கட்டினால் கயிற்றுக் கூலி நஷ்டம். இரண்டாவதற்குக் கயிறு கட்டிக் கொண்டு சும்மாயிருந்தால் வருவது இரத்த அழுத்தம், இருதயம் தாறுமாறாகத் துடிப்பது, பக்கவாதம். கயிறு கட்டுகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரிந்தால் அவன் கயிற்றை விட்டு விட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பான்.

இது ஏதோ பணக்காரர் வியாதி, தொந்தி பெருத்தவன் வியாதி என்றும் நினைக்காதீர்கள். கொழுப்பு ஒரு பெரிய காரணம்தான். ஆனால் ஆசியாக்காரரான நம்மவர்களில் தாடை அமைப்பினால் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நம் நாட்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இது இருக்கிறது. உழைக்கும் வயதினரில் மாத்திரம் 10 கோடிக்கு மேல். இத்தனை கோடிப் பேரில் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று உங்கள் தெருவையே வைத்து எண்ணிக் கொள்ளுங்கள்.

பெண்களுக்கும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அதிகம். ஆனால் பெண் குறட்டை விடுகிறாள் என்று சொல்லவே வீட்டாருக்கு வெட்கம், அவர்களுக்கும் வெட்கம். அவர்களில் பலருக்குக் குறட்டையை விட அசதி, தலைவலி, தூக்கம் பிடிக்காமை, மனச்சோர்வு இவைதான் முன்னே நிற்கும். உடனே, வீட்டு வேலைக்குச் சோம்பல் என்று மாமியார் சொல்லி விடுகிறார்கள். கணவன் மூச்சை மனைவி எண்ணுகிறாள். மனைவி மூச்சை எண்ணுகிற கணவன் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம்.

குழந்தைகள் சங்கதி இதைவிடப் பரிதாபம். தொண்டையில் இரு பக்கமும் உள்ள டான்ஸில் சதையும், மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருந்தால் குழந்தை வாயைத் திறந்து கொண்டு தூங்கும், குறட்டை விடும், படுக்கையில் புரளும், சில குழந்தைகள் படுக்கையை நனைக்கும். பகலில் பெரியவர்களைப் போல் தூங்கி விழாது. அதற்கு மாறாகத் துறுதுறுவென்று ஓரிடத்தில் நில்லாமல் ஆடும், பாடத்தில் மனம் செல்லாது. உபாத்தியாயர் அடிக்கிறார். தகப்பன் அடிக்கிறான். இத்தகைய குழந்தைகளுக்கு அந்தச் சதையை எடுத்து விட்டுப் பார்த்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2013-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. தூக்கமும் நடத்தையும் நன்றாகத் திருந்தின. கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையில் மாத்திரம் பெரிய வித்தியாசம் காணவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறோம். பிரம்பை எடுக்கும் முன் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

வண்டி ஓட்டும் தோழர்கள் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு சம்பவம். 2013 டிசம்பர் 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் ஒரு ரயில், மணிக்கு 30 மைல் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது. 4 பேர் செத்தார்கள்; 60 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். என்ஜினில் கோளாறில்லை. ஓட்டியவர் குடிக்கவில்லை. பிறகு அவரைப் பரிசோதித்த போது கடுமையான ஸ்லீப் அப்னியா இருப்பது தெரிந்தது. அதுவரை அவருக்கும் தெரியாது, அவரை வேலைக்கு வைத்த கம்பெனிக்கும் தெரியாது. அவருக்கு வேலை நேரத்தை அதிகாலைக்கு மாற்றியும் சில நாட்களே ஆகியிருந்தன. இந்த நோயை வைத்துக் கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விபத்து மற்றவர்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்று கணக்கு. நம் லாரி டிரைவர்கள் இதற்குச் செய்யும் பரிகாரம் என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டீ, ஒரு பீடி, முகத்தில் தண்ணீர், கண்ணாடியின் முன் ஒரு சாமி படம். வெளியே சொன்னால் வேலை போய் விடும் என்று பயந்து மறைக்கிறவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதே என்பதையும் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் வைத்தியம் செய்து கொண்டவன் மறுபடியும் நன்றாக வண்டி ஓட்டலாம். வைத்தியமில்லாத நோயல்ல இது.

பரிசோதனை எப்படி என்றால், ஒரு இரவு தூங்க வேண்டியதுதான். தலையில் கம்பிகள் ஒட்டுகிறார்கள். மூக்கின் முன் ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஒரு கிளிப். ஊசி கிடையாது. வீட்டிலேயே கட்டிக் கொண்டு தூங்கும் சின்ன யந்திரமும் இப்போது இருக்கிறது. நமக்கு மணிக்கு 52 நிறுத்தம் என்று காகிதம் வந்தது. ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு 312. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலிருக்க வேண்டிய பிராணவாயு 71 வரை இறங்கியிருந்தது. மூன்று வருஷமாக அந்த அம்மாள் சொன்னது சரி, நாம் சொன்னது தப்பு என்று யந்திரம் தீர்ப்பு எழுதி விட்டது.

இதற்குச் செய்யும் முக்கியமான வைத்தியத்தின் சரித்திரம் வேடிக்கையானது. 1970-களில் நோய் முற்றினவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியாக மூச்சு விடச் செய்வதுதான் நிச்சயமான வழியாக இருந்தது. 1980-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர், தொண்டை உள்பக்கமாக மூடிக் கொள்ளுகிறதென்றால் உள்ளேயிருந்தே காற்றால் முட்டுக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி செய்து, குழாய் வைத்து நோயாளியின் மூக்கில் பொருத்தினார். மூச்சு நிற்கவில்லை. 1981-ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தை லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். இன்றைக்கு உலகமெங்கும் உபயோகிக்கும் சீபாப் என்கிற யந்திரம் அதன் வாரிசுதான். எந்த ரிஷியும் ஞான திருஷ்டியில் இதைக் காணவில்லை. ஒருவர் தூசி உறிஞ்சும் மோட்டாரில் கண்டார்.

பலர் இதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நினைத்துக் கொண்டு, "அவ்வளவு மோசமா உங்களுக்கு?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். ஆக்ஸிஜன் இல்லை, அறையிலிருக்கும் சாதாரணக் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்புகிறது. அழுத்தம் எவ்வளவு என்பதை டாக்டர் பார்த்து வைக்க வேண்டும். விலை சில பத்தாயிரம் ரூபாய். ஏழைக்கு இது பெரிய தொகை. ஒரு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கடன் வாங்குகிற நாட்டில் மூச்சுக்குக் கடன் வாங்குவது பாவமல்ல என்று சொல்லலாம். ஆனாலும் இது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டியது என்பதே நமது அபிப்பிராயம்.

போட்டுக் கொண்ட முதல் நாள் நாம் யானை மாதிரி இருந்தோம். பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தன. மூக்குத் தண்டில் புண்ணாயிற்று, வாய் உலர்ந்தது, நாலாம் நாள் கழற்றிப் பரணில் வைத்து விட்டோம். அடுத்த மாதம் டாக்டர் கேட்ட போது, தினமும் போடுகிறேன் என்று கூசாமல் சொன்னோம். அவர் யந்திரத்திலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்துப் பார்த்தார். எந்த இரவு எத்தனை மணி நேரம் போட்டோம் என்பதை அது எழுதி வைத்திருந்தது. மேடையில் பேசி நாற்பது ஊர் பார்த்த நமக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வேறு அளவு முகமூடி கொடுத்தார்கள். காற்றை ஈரமாக்கும் சிறு தண்ணீர்ப் பெட்டியைச் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் பழகி விட்டது. ஒருநாள் காலையில் எழுந்த போது தலை கனக்கவில்லை. ராத்திரி எழுந்திருக்கவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் துணைவியார் அன்று காலை எட்டு மணி வரை தூங்கிக் கொண்டிருந்தார்கள். கல்யாணமான நாள் முதல் அப்படி அவர் தூங்கி நாம் பார்த்ததில்லை.

இந்த யந்திரம் எல்லாவற்றையும் தீர்த்து விடும் என்று நாம் சொல்லப் போவதில்லை. முன்பே இருதய நோய் உள்ள 2,700-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2016-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில், யந்திரத்தினால் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன; மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதைச் சராசரி இரவுக்கு மூன்றே கால் மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். பாதி ராத்திரிக்குத்தான் கதவைப் பூட்டினேன், திருடன் வந்து விட்டான் என்பது போன்ற கேள்வி அது. இன்னும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள்.

யந்திரம் ஒத்துக் கொள்ளாதவர்களுக்கு, இலேசான நோயாயிருந்தால், கீழ்த்தாடையை முன்னே தள்ளி நிறுத்தும் ஒரு பல் கவசம் பல் டாக்டர் செய்து தருகிறார். மல்லாந்து படுத்தால் மாத்திரம் மூச்சு நிற்கிறவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம். பனியனின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக் கொண்டால் உடம்பே திரும்பிக் கொள்ளும். எடை குறைத்தால் பலன் நிச்சயம்: அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் பல வருஷம் ஜனங்களைத் தொடர்ந்து பார்த்து 2000-ல் சொன்ன கணக்குப்படி, எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்தங்கள் சுமார் நாலில் ஒரு பங்கு குறைகின்றன. 2024 டிசம்பரில் டிர்செப்படைடு என்ற ஊசியை, பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. அதை டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போட்டுக் கொள்ளாதீர்கள். குடி கூடவே கூடாது. அது தளர்ந்த தொண்டையை மேலும் தளர்த்துகிறது. தூக்க மாத்திரையும் அப்படியே. தூக்கம் போதவில்லையென்று அதை விழுங்குகிறவன், மூழ்குகிறவனின் காலில் கல்லைக் கட்டுகிறான். வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லாமல் மேஜையில் படுக்காதீர்கள்.

மூக்கில் மாட்டும் கிளிப், காந்த மோதிரம், குறட்டை எண்ணெய் என்று விற்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நாமும் முதலில் ஒரு கிளிப்பை வாங்கி ஏமாந்தவர்தான்.

கடைசியாகச் சங்கைப் பற்றி ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சங்கு ஊதினால் இந்த நோய் தீரும் என்று பத்திரிகையில் வந்ததாம், பகுத்தறிவுவாதி என்ன சொல்லுகிறீர் என்று கேட்கிறார். வந்தது உண்மை. ஜெய்ப்பூரில் 30 பேரைக் கொண்டு செய்த ஒரு சிறு ஆராய்ச்சி 2025-ல் வெளிவந்தது. ஆறு மாதம் சங்கு ஊதிப் பழகினவர்களுக்கு மணிக்கு நாலைந்து நிறுத்தங்கள் குறைவாக இருந்தன. பகல் தூக்கமும் குறைந்தது. இதற்கு முன் 2006-லேயே ஸ்விட்ஸர்லாந்தில், ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை 25 பேரில் பாதிப் பேருக்குப் பழக்கி, அதே மாதிரிப் பலன் கண்டார்கள். அந்தக் குழலுக்கு விஷ்ணு சம்பந்தம் ஏதுமில்லை. ஊதினால் தொண்டைத் தசைக்குத் தேகப்பயிற்சி. பலன் அதனால் இருக்கலாம். சங்கு என்பதற்காக நாம் தள்ளவும் மாட்டோம், சங்கு என்பதற்காகக் கும்பிடவும் மாட்டோம். 30 பேர் போதாது. பெரிய ஆராய்ச்சி வரட்டும். அது வரையில் மணிக்கு 52 உள்ளவன் நாலைந்தைக் குறைத்துக் கொண்டு யந்திரத்தைப் பரணில் வைக்கலாகாது. அண்டை வீட்டாருடைய தூக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

வெளியே மேஜையில் ஒரு அச்சிட்ட தாள் வைத்திருக்கிறோம். மெல்போர்னில் 1991-ல் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் வகுத்த எட்டுக் கேள்விகளின் கருத்து அதிலே தமிழில் இருக்கிறது. உட்கார்ந்து படிக்கும் போது, பஸ்ஸில் போகும் போது, பொதுக் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் போது, இப்படி எட்டு நிலைமைகளில் தூங்கி விழுவீர்களா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் மூன்று வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். பொதுக் கூட்டக் கேள்விக்கு மாத்திரம் நம் சொற்பொழிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாளைக் கணவன்மார் வாங்காமல் தாய்மார்களே வாங்கிக் கொண்டு போகும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். படிப்பகக் காரியதரிசியிடம் தையல்காரர் நாடா ஒன்றும் இருக்கிறது. கழுத்துச் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேலிருப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அளந்து கொண்டு, ராத்திரி பக்கத்தில் படுப்பவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள்.